அடிக்காத பெட்டி

குடோனுக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்னு போன மனுசன் இன்னும் வரல, இந்த ஸ்டூலுக்கு வேற ஒரு கால் குட்டை, சாஞ்சாலும் ஆடுது நிமிந்தாலும் ஆடுது, எதிர்ல கண்ணாடி மேல அந்தப் பெட்டி உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குது, பாக்காத சனியனே, உன்ன வாங்கறதா நான் இன்னும் முடிவு பண்ணல. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நான் தனியா வந்ததே இதான் மொத தடவ. தெருமுனையில காலு வெச்சதும் மேடம் லேப்டாப்பா, மேடம் டிஸ்ப்ளே மாத்தணுமா, மேடம் கேமராவான்னு கையப் புடிச்சு இழுக்காத கொறையா கூப்புடறானுங்க. எனக்கு எஸ்.எம்.பி.எஸ். வேணும்னேன். வில்லிவாக்கத்துல பஸ் ஏறினதுலேர்ந்து அந்தப் பேர மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன், ஒரு எழுத்த முழுங்கி எஸ்.எம்.எஸ்.னு சொல்லி வெச்சா சிரிச்சுடுவானுங்களே. சம்முதான் சொல்லிக் குடுத்து அனுப்பினா. அம்மா, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு இரும்பு டப்பா இருக்கும்ல, செவுத்துலேர்ந்து வர்ற கரண்ட்ட வாங்கி யாருக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ பிரிச்சுக் குடுக்கும், நீ சோறு போடற மாதிரின்னு வெச்சுக்கோயேன், ஐநூத்தம்பது வாட்ஸ், ப்ரான்ஸ் போட்டிருக்கணும், மறந்துடாத. ப்ரான்ஸாம். வெண்கலம். அதுக்கு மேல வெள்ளி இருக்காம், தங்கம் இருக்காம், கரண்ட்ட வீணாக்காம, கொதிச்சுப் போவாம வேல செய்யற டப்பாவுக்குக் குடுக்கற பட்டமாம் அதெல்லாம். நகைக்கடைக்காடி அனுப்பறேன்னு கேட்டேன், சிரிச்சா. ரெண்டு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் பல்லு தெரியச் சிரிச்சா. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் இங்க வந்து ஆடற ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், வேற என்ன.

இந்தக் கடைக்காரரு, இம்தியாஸ் பாய், நல்ல மனுசராத்தான் தெரியறாரு. ப்ரான்ஸ் குடோன்ல இருக்கு, அதுக்குள்ள இதப் பாத்துக்கிட்டு இருங்க மேடம், இதுதான் அதிகமாப் போறது, பாதி வெலன்னு இத எடுத்து வெச்சுட்டுப் போனாரு. கையில தூக்கிப் பாத்தேன். கனமா இருக்கணும்னு சம்மு சொன்னா, லேசா இருந்தா உள்ள சரக்கு இல்லன்னு அர்த்தமாம். கனம்னா எதுக்குக் கனம்? தேங்கான்னா தட்டிப் பாப்பேன், வெண்டக்கான்னா நுனிய ஒடிச்சுப் பாப்பேன், இத என்னத்தச் செய்யறது. குலுக்கிப் பாத்தேன். பாய் சிரிச்சுக்கிட்டே, கனத்த நம்பாதீங்க மேடம், சிலதுல உள்ள இரும்புத் துண்டு வெச்சு மூடிடறானுங்கன்னு சொல்லிட்டுப் போறாரு. அடப்பாவிகளா. அரிசியில கல்லு கலக்கறவன்கூட இப்டி ஒரு கல்லாப் போட மாட்டான். அப்போ எதத்தான் நம்பறது, மேல ஒட்டியிருக்கற காகிதத்தையா? நானூத்தம்பது வாட்ஸ்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு. எங்க வீட்டுல இருந்த பழைய டப்பாவுலயும் இதேதான் போட்டிருந்துச்சு. அதே நானூத்தம்பது, அதே செவப்பு எழுத்து. கம்ப்யூட்டர் கேபினட் வாங்கினா அதோட இலவசமா வந்தது. ஓசியில வந்தத ஏன்டி மாத்தணும்னு கேட்டது எங்க வீட்டுக்காரரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு, இலவசம்னா யாருக்குத்தான் கசக்குது.

சம்மு அந்தக் கம்ப்யூட்டர ஒரேயடியா வாங்கல. கொஞ்சம் கொஞ்சமாச் சேத்தா. ஒரு தடவ போர்டு, ஒரு தடவ மெமரி, ஒரு தடவ செகண்ட்ஸ்ல ஒரு பெரிய கார்டு, ரெண்டு ஃபேனோட, பொட்டியப் பிரிச்சப்போ பொறந்த கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கினா. அதெல்லாம் வந்தப்போ எனக்குப் பயமே இல்ல. கட்டில் மேல பரப்பி வெச்சிருப்பா, நான் தொடச்சுக்கூடக் குடுத்திருக்கேன். ஏன்னா அதுங்க எல்லாம் வெறும் தகடுங்க, உசுரு கெடையாது. இந்த டப்பா வந்து உள்ள உக்காந்தப்புறம்தான் வீட்டுக்குள்ள, என் பொண்ணு கைக்குப் பக்கத்துல, கரண்ட் வந்துச்சு. ஆடி மாசம், ஞாயித்துக்கெழம, மத்தியானம். நான் உள்ள காய் நறுக்கிக்கிட்டு இருக்கேன். ஃபேன் கொர்ருன்னு சத்தம் போடுதேன்னு இவ எழுந்து கேபினட்டுக்குப் பின்னாடி எட்டிப் பாத்திருக்கா, ஒரு கை கேபினட் மேல, விழாம இருக்க இன்னொரு கையால ஜன்னல் கம்பியப் புடிச்சிருக்கா. டப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் அவ தொண்டையிலேர்ந்து ஒண்ணு வந்துச்சு பாரு, அது அவ கொரலே இல்ல. ஓடி வந்தேன். அவ ஒடம்பு வெடவெடன்னு, கண்ணு நெல குத்தி, நான் ரெண்டு கையையும் நீட்டிட்டேன், தொடாதடீன்னு இவரு பின்னாலேர்ந்து கத்தறாரு. பெத்த புள்ள. தொடாதங்கறாரு. நின்னேன். இவரு ஓடிப்போய் மெயினத் தட்டற வரைக்கும் எம்மா நேரம் இருக்கும், ஒரு மூச்சுகூட இருக்காது, எனக்கு அது இன்னிக்கு வரைக்கும் முடியல. இப்பக்கூட கை ரெண்டும் அப்டியே நீட்டிக்கிட்டு நிக்கற மாதிரிதான் இருக்கு. பஸ்ல கம்பியப் புடிக்கறேன், அந்த ஞாபகம். தோசக்கல்ல தொடைக்கறேன், அந்த ஞாபகம். வலது உள்ளங்கையில தோலு உரிஞ்சு, ஆறி, இப்போ பளபளன்னு ஒரு தழும்பு. அம்மா எனக்கு ஆயுள் ரேக அழிஞ்சுடுச்சு பாருன்னு அவ வெளையாட்டாச் சொல்றா, எனக்கு வந்த கோவத்துக்குக் கையில இருந்த கரண்டிய ஓங்கிட்டேன்.

இதுல எங்க வீட்டுக்காரரு கதையச் சொன்னா ஊரே சிரிக்கும். தணிகாசலம்னு பேரு, செருப்பாசலம்னு மாத்தி வெச்சிருக்கலாம். இந்த வீட்டுக்குக் குடி வந்த புதுசுல கிரைண்டரத் தொட்டா சுருக்குன்னுச்சு. சொன்னேன். சாயங்காலம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கியாந்து கிரைண்டர் பக்கத்துல வெச்சாரு, போட்டுக்கிட்டு அர. அப்புறம் ஃபிரிட்ஜ். அதுக்கு ஒரு ஜோடி. கம்ப்யூட்டர் வந்துச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு அதுக்கும் ஒரு ஜோடி, பொண்ணுங்கறதால ரோஸ் கலர் வாரு. வாசல்ல செருப்பக் கழட்டிட்டு வர்ற சொந்தக்காரங்க உள்ள வந்து மூலைக்கு மூலை செருப்பப் பாத்துட்டு, ஏன் குமுதா வியாபாரம் ஏதாச்சும் பண்றியான்னு கேப்பாங்க. எங்க வீடு மட்டுமா, இந்த ஊர்ல எந்த வீட்டுல கிரைண்டர் கீழ செருப்போ பலகையோ இல்ல. அடிக்குதா, செருப்பப் போடு. ஏன் அடிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அன்னிக்கு அவ கால்ல அந்த ரோஸ் வாரு செருப்பு இருந்துச்சு. ஒரு கையில புடிச்சு இன்னொரு கை வழியா ஜன்னல் கம்பிக்குப் போற கரண்ட்டுக்குக் காலு எதுக்கு? மறுநாள் இவரு கடைக்குப் போய் இன்னும் தடிமனா ஒரு ஜோடி வாங்கியாந்தாரு. அத வெச்சுட்டு பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயத் தெறந்து விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் வெளியவே வரல, தண்ணி வீணாப் போவுதுன்னு கதவத் தட்டப் போன நான் தட்டாம வந்துட்டேன். அழுவட்டும். ஆம்பளைக்கு அழ வேற எடம் எங்க இருக்கு.

அதுக்கப்புறம் வந்த எலக்ட்ரீஷியன்தான் செவுத்துல இருந்த சுவிட்ச் பொட்டியக் கழட்டிக் காட்டினாரு. மூணு ஓட்டை இருக்குதே தவிர மேல இருக்கற பெரிய ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்லம்மா, சும்மா ஓட்டைன்னாரு. எர்த் கம்பி வீட்டுக்கே கெடையாதாம். அது இருந்திருந்தா டப்பா கெட்டுப் போனப்போ கரண்ட் அது வழியா மண்ணுக்குள்ள போயிருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், கத முடிஞ்சிருக்கும். எத்தன வருசமா அந்த ஓட்டையில பிளக்கச் சொருகிக்கிட்டு இருக்கேன். போட்டுடலாங்களான்னு கேட்டதுக்கு, ஒண்ணும் பெருசில்ல, தோட்டத்துல ஒரு குழி வெட்டி உப்பும் கரியும் கொட்டி எறக்கணும், ஹவுஸ் ஓனர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்கன்னு போயிட்டாரு. ஹவுஸ் ஓனர்கிட்ட. அங்கதான் இருக்கு விசயம். மேல் மாடியில ரெஜினா டீச்சர். கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, தனி ஆளு, பையன் பெங்களூர்ல. செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது, மாவு அரைச்ச தண்ணிய வாசல்ல ஊத்தக் கூடாது, மோட்டர் காலையில ஒரு தடவதான். அந்தத் தோட்டம்னா அவங்களுக்கு உசுரு, அதுல குழி வெட்டணும்னு நான் போய் நிக்கறதா? என்னைக் கூப்புடறதே அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரிதான் இருக்கும், குமுதவல்லி. எழுந்து நின்னு உள்ளேன் டீச்சர்னு சொல்லத் தோணும். இந்த வாடகைக்கு இந்த ஏரியாவுல தண்ணியோட ஒரு வீடு கெடைக்காது. வீட்டுல கொற இருக்குன்னு சொன்னா, புடிக்கலேன்னா காலி பண்ணிக்கோங்கன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா நான் எங்க போவேன். சம்மு கையில என்ன கட்டுன்னு கேட்டதுக்கு, குக்கர் ஆவி பட்டுடுச்சு டீச்சர்னு சொல்லி வெச்சிருக்கேன். பாத்து இருக்கச் சொல்லும்மான்னு சொல்லிட்டு மாடிப்படியக் கையால புடிச்சுக்கிட்டு மெதுவா ஏறிப் போனாங்க.

ஒண்ணு பண்ணலாம். ஸ்டாக் இல்லன்னு சொல்லிடலாம். ரிச்சி ஸ்ட்ரீட் பூரா சுத்திட்டேன்டி, ப்ரான்ஸ் இல்லியாம், தீபாவளிக்கு அப்புறம்தான் வருமாம். நம்புவாளா? நம்புவா. நான் சொன்னா நம்புவா, அதான் கஷ்டமே. நானே போய் வாங்குவேன், இல்லேன்னா அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வராதுன்னு நான் புடிவாதம் புடிச்சப்போ சரிம்மான்னுட்டா, ஒரு வார்த்த எதுத்துப் பேசல. சாலிகிராமத்துல ஒரு அனிமேஷன் கம்பெனியில வேலைக்கு டெஸ்ட் குடுத்திருக்காங்க, சின்னதா ஒரு படம், தீபாவளிக்குள்ள வீட்டுலயே செஞ்சு குடுக்கணும். ஒரு கொசு. தூங்கற ஆளச் சுத்திச் சுத்தி வருது, அந்த ஆளு தூக்கத்துலயே கைய வீசறான், கொசு ஒதுங்கிக்குது, திரும்ப வருது. தூங்கற ஆளு அச்சு அசல் எங்க வீட்டுக்காரரு, அந்தத் தொப்பை, அந்தக் கைலி, வாயத் தெறந்துக்கிட்டு. அவரே பாத்துட்டு, யாருடி இந்த ஆளு எங்கியோ பாத்த மாதிரி இருக்குங்கறாரு. பாதியில நிக்குது படம். வீசின கை காத்துல நிக்குது. சிநேகிதி வீட்டுக் கம்ப்யூட்டர்ல போய் செய்யறா, அவங்க வீட்டுல எப்போ எழுந்து போன்னு சொல்லுவாங்களோன்னு ஒரு கண்ண வாசல்லயே வெச்சுக்கிட்டு செய்யறாளாம். வந்து சாப்புடும்போது பேசறதில்ல. அந்தக் கேபினட் மூலையில துணி போத்தி நிக்குது, தொறந்த வயித்தோட. அதுக்குள்ள இந்த டப்பா உக்கார வேண்டிய எடம் மட்டும் சதுரமா காலியா இருக்குது. நான் பெருக்கும்போது அந்தப் பக்கம் பாக்கறதில்ல. அவ பாக்கறா. இவ வயசுல எனக்கு என்ன புடிக்கும்னு யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல, அது போவட்டும், இவளுக்காச்சும் புடிச்சது என்னன்னு தெரிஞ்சிருக்கே, அதுல போய் ஸ்டாக் இல்லன்னு எப்டிச் சொல்றது. எம் பொண்ணு உசுரோட இருக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். ஆனா மூலையில துணி போத்தின மாதிரி உக்காந்துக்கிட்டு உசுரோட இருக்கறதும் எனக்கு வேணாம்.

பாய் வந்துட்டாரு, மூச்சு வாங்குது, மன்னிச்சுக்கோங்க மேடம் லிஃப்ட் வேல செய்யலன்னு கைக்குட்டையால மொகத்தத் தொடச்சுக்கிட்டே ப்ரான்ஸ எடுத்து அந்தப் பெட்டி பக்கத்துல வெச்சாரு. கறுப்பா, பெருசா, மாப்பிள்ள மாதிரி இருக்கு. வெல மட்டும் ரெண்டு பங்கு. எடுத்துடலாம்னு பர்ஸ் ஜிப்பத் தெறந்தேன். அப்பத்தான் சும்மா கேக்கற மாதிரி கேட்டாரு.

"வீட்டுல எர்த் இருக்கா மேடம்?"

"ஏங்க கேக்கறீங்க?"

"இல்லேன்னா நாளைக்கே இதத் தூக்கிக்கிட்டு வந்து என்கிட்ட சண்ட போடுவீங்க. கேபினட்டத் தொட்டா சுருக்குன்னும். நல்ல சரக்குல உள்ள ஃபில்டர் வெச்சிருப்பான், கரண்ட்டுல வர்ற கசடு எல்லாத்தையும் வடிகட்டி எர்த்துல தள்ளிவிடும். எர்த்தே இல்லேன்னா அது எங்க போவும்? தகட்டுலயே நிக்கும். நீங்க தொட்டா உங்க மேல ஏறும். பாய், ஷாக் அடிக்கிற பீஸக் குடுத்து ஏமாத்திட்டீங்கன்னு வாரா வாரம் ஒருத்தர் வந்துடறாங்க."

"அப்போ இது?" அந்தப் பாதி வெலப் பெட்டியக் காட்டினேன்.

"இதுல ஃபில்டரே கெடையாது. காசக் கொறைக்க அத எடுத்துட்டான். அப்புறம் எங்கேர்ந்து அடிக்கும்? அடிக்காது. எர்த் இல்லாத வீடுன்னா நான் இதத்தான் குடுக்கறது. வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல."

அடிக்காது. அந்த வார்த்தையக் கேட்டதும் என் கை தானா அந்தப் பெட்டியக் கிட்ட இழுத்துக்கிச்சு, பொய் சொல்ல மாட்டேன். இதத்தானே நான் தேடி வந்தேன். தொட்டா சுருக்குன்னாத ஒண்ணு. சம்மு தொடுவா, ஒண்ணும் ஆவாது, நான் தொடுவேன், ஒண்ணும் ஆவாது, இவரு செருப்பத் தூக்கிக்கிட்டு வர வேணாம், நான் மாடிக்குப் போய் டீச்சர் முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்க வேணாம். வெலயும் பாதி. எடுத்துக்கிட்டுப் போயிடலாம், பஸ்ல ஏறிடலாம், சாயங்காலமே கொசு பறக்கும். பாய் அதுக்குள்ள பிளாஸ்டிக் பையை உதறிட்டாரு. ஒருத்தரும் திரும்பி வந்ததில்லங்கறாரே, நல்லா இருக்கறதால வரலியா, இல்ல... இரு. இரு இரு. அந்தப் பழைய டப்பா. அது என்னிக்காச்சும் சுருக்குன்னுச்சா? கிரைண்டர் அடிச்சுது. ஃபிரிட்ஜ் அடிச்சுது. அந்தக் கேபினட்ட நான் எத்தன தடவ ஈரத்துணியால தொடச்சிருக்கேன், அய்யோ ஈரத்துணியால, ஒரு நாள், ஒரே ஒரு நாள் சுருக்குன்னுச்சா? இல்லியே. பாவம் சாதுவான டப்பான்னு நானே சொல்லியிருக்கேன். இந்த வீட்டுலயே அடிக்காத சாமான் இது ஒண்ணுதான்னு இவரு சொல்லிச் சிரிச்சாரே. சுருக்குன்னு அடிச்ச கிரைண்டர் இன்னிக்கு வரைக்கும் அரைச்சுக்கிட்டு இருக்கு. ஒரு நாளும் அடிக்காத டப்பாதான் எம் பொண்ணத் தூக்கிப் போட்டுச்சு. அப்போ இந்தச் சுருக்கு என்னத்தச் சொல்லுது? அது டப்பா மேல கோள் சொல்லல, வீட்டு மேலதான் சொல்லுது. எர்த் இல்ல, எர்த் இல்லன்னு இத்தன வருசமா எங்க விரல்ல தட்டித் தட்டிச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, நாங்க செருப்பப் போட்டு அது வாய அடைச்சோம். இப்போ நான் காசு குடுத்து, வாயே இல்லாத ஒண்ண வாங்கிக்கிட்டுப் போவப் போறேன். பாய் குடுக்கறது தப்புன்னு நான் சொல்லல, சண்டைக்கு வர்றவங்களப் பாத்துப் பாத்து அவருக்கு அலுத்துப் போச்சு, சத்தம் போடாதது நல்லதுன்னு ஆயிடுச்சு. எனக்கும் அப்டித்தானே ஆயிருக்கு. குக்கர் ஆவின்னு சொன்னவதானே நான்.

"பாய், எர்த் இருந்தா அந்த ப்ரான்ஸ் அடிக்குமா?"

"எர்த் இருந்தா பூ மாதிரி இருக்கும் மேடம். உள்ள ஏதாச்சும் கோளாறுன்னாக்கூட அதுவே கட் ஆயிடும்."

"இது?"

பாய் பையை மடிச்சாரு. "இது ஓடற வரைக்கும் ஓடும்."

ப்ரான்ஸக் குடுங்கன்னேன். எர்த் போட்டப்புறம்தான் மாட்டணும் மேடம்னாரு. தெரியும்னேன். கொஞ்சம் வெடுக்குன்னுதான் வந்துடுச்சு, பாவம், டீ சாப்புடறீங்களான்னு கேட்டாரு. வேணாம் பாய், ஒரு போன் பேசிக்கறேன்னு அந்த ஆடற ஸ்டூல்லயே திரும்ப உக்காந்தேன். பையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன். இங்கேர்ந்தே பேசிடணும். வீட்டுக்குப் போயிட்டா பேச மாட்டேன், என்னப் பத்தி எனக்குத் தெரியாதா, மாடிப்படியப் பாத்ததும் நாளைக்குன்னு தோணும். நம்பரத் தேடறேன், விரலு வேர்த்துப் போய் கண்ணாடியில நகர மாட்டேங்குது. காலி பண்ணுங்கன்னு சொன்னா என்ன பண்ணுவேன்? தேடுவேன். எர்த் இருக்கான்னு கேட்டுட்டு வீடு பாப்பேன், தண்ணி இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி அதக் கேப்பேன். ரிங் போவுது. எடுக்காம இருந்தா நல்லாருக்கும்னு ஒரு மனசு. எடுத்துட்டாங்க.

"யாரு, குமுதவல்லியா? என்னம்மா, தண்ணி வரலியா?"

"தண்ணி வருது டீச்சர். நான் ஒண்ணு சொல்லணும். சம்மு கையில பட்டது குக்கர் ஆவி இல்ல டீச்சர், கரண்ட் அடிச்சிடுச்சு. நான்தான் மறைச்சுட்டேன்." நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்க முடியாதுன்னு மூச்சு விடாம சொல்லிட்டேன். எலக்ட்ரீஷியன் வந்தது, செவுத்துல ஒயரே இல்லாத ஓட்டை, தோட்டத்துல ஒரு குழி வெட்டணும், உப்பு, கரி, எல்லாம். "நீங்க காலி பண்ணச் சொன்னாலும் பரவால்ல டீச்சர். எர்த் போடாம இனிமே அந்த வீட்டுல எம் பொண்ணு சுவிட்ச் போட மாட்டா. நான் விட மாட்டேன்." கடைசி வார்த்த பெருசா வந்துடுச்சு, பாய் திரும்பிப் பாத்துட்டு வேற பக்கம் போயிட்டாரு. லைன் கட்டாயிடுச்சோன்னு போனை எடுத்துப் பாத்தேன். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. தொலஞ்சோம்னு நெனச்சேன். வெளியில எவனோ மேடம் சார்ஜரா மேடம்னு யாரையோ கூப்புட்டுக்கிட்டே இருக்கான்.

"எர்த்னு சொல்றியே," டீச்சர் கொரலு வேற மாதிரி இருந்துச்சு, "அது இல்லேன்னா கை சுருக்கு சுருக்குன்னு இருக்குமா?"

"இருக்கும் டீச்சர்."

"ஃபிரிட்ஜத் தொறக்கும்போது?"

"ஆமா டீச்சர்."

"வாஷிங் மெஷின்ல துணி எடுக்கும்போது? முழங்கை வரைக்கும், எறும்பு ஊர்ற மாதிரி?"

எனக்கு ஒடனே புரியல. புரிஞ்சதும் பையோட எழுந்து நின்னுட்டேன். "உங்களுக்கு அப்டி இருக்கா டீச்சர்?"

"ரொம்ப நாளா இருக்கும்மா. நான் நரம்புன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட கை மதமதன்னு இருக்குன்னு சொன்னேன், எப்போ, எதத் தொட்டான்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. வயசானா வரும்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பையன்கிட்டச் சொன்னா, தனியா இருக்க முடியாது, வீட்ட வித்துட்டு வாங்கம்பான். அதனால ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல." பேச்ச எடுக்கறதுக்கு முன்னாடி தொண்டையச் செருமிக்கிட்டது கேட்டுச்சு. எப்பவும் கிளாஸ் ஆரம்பிக்கற மாதிரி இருக்கற செருமல்தான், ஆனா அதுக்கப்புறம் வந்த கொரலு ரொம்பச் சின்னதா இருந்துச்சு.

"குமுதா, அப்போ நான் மாத்திரைய நிறுத்திடலாமா?"